சொரியாசிஸ்: தையல் கடையில் அளவெடுக்கும்போது என்னிடம் கேட்கும் கேள்விகள்

திருமங்கலத்தில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. சித்திரை வெயில் கொளுத்தும்போதும் "ஜாக்கெட் கையை முழங்கைக்குக் கீழ இறக்கி வச்சிருங்கக்கா" என்று ஒரு பெண் சொன்னால், ஏன் என்று நான் கேட்பதில்லை. 23 வருஷத்துக்கு முன்னால் எனக்கும் சொரியாசிஸ் என்ற இந்தத் தோல் நோய் முழங்கையில்தான் ஆரம்பித்தது. என் கையைப் பார்த்ததும் அவர்களே மெல்லப் பேச ஆரம்பிப்பார்கள். அளவு நாடாவைப் பிடித்தபடி நான் பதில் சொன்ன கேள்விகள்தான் கீழே இருப்பவை. நான் மருத்துவர் இல்லை. என்னைப் பார்க்கும் தோல் டாக்டரிடமும் அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் உடம்பில் செய்து பார்த்ததையும் எழுதியிருக்கிறேன்.

"எனக்கு இருக்கிறது சொரியாசிஸா, படர்தாமரையா? பார்த்தாலே தெரியுமாக்கா?"

ஓரளவுக்குத் தெரியும். சொரியாசிஸ் திட்டு தடிப்பாக இருக்கும். நம் நிறத்துக்கு அது கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்தோ தெரியும், மேலே வெள்ளி மாதிரி செதில் அடுக்கடுக்காக இருக்கும். முழங்கை, முழங்கால், தலை, முதுகின் கீழ்ப்பக்கம், தொப்புள் ஆகிய இடங்களில் அதிகம் வரும். நகத்தில் ஊசியால் குத்தியது போலச் சின்னக் குழிகள் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். படர்தாமரை பெரும்பாலும் வளையமாகப் பரவும். ஓரம் சிவந்திருக்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். தொடையிடுக்கு, இடுப்பு என்று வியர்வை தங்கும் இடங்களில்தான் அதிகம்.

ஆனாலும் ஒரு முறை தோல் டாக்டரிடம் காட்டித்தான் ஆகவேண்டும். படர்தாமரை ஒரு பூஞ்சை, அதற்கு மருந்தே வேறு. ஒன்றுக்கு உள்ள களிம்பை இன்னொன்றுக்குப் போட்டு, உடம்பு முழுக்கப் பரவிய பிறகு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. பணம் இல்லை என்பதற்காக இந்த ஒரு படியைத் தாண்டிப் போக வேண்டாம்.

"ஒட்டிக்குமா? பிள்ளைகளைத் தூக்கலாமா?"

ஒட்டாது. ஒரே சோப்பு, ஒரே துண்டு, ஒரே படுக்கை, ஒரே தட்டு, எதனாலும் ஒட்டாது. இதில் கிருமியே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2014-ல் நிறைவேற்றிய தீர்மானத்திலும் இதைத் தொற்றாத நோய் என்றுதான் சொல்லியிருக்கிறது. பிள்ளையைத் தூக்குங்கள், மடியில் போட்டுத் தூங்க வையுங்கள்.

"ரத்தம் கெட்டுப்போனதால வருதுன்னு சொல்றாங்க. நாக தோஷம்னும் சொல்றாங்க. எது நிசம்?"

இரண்டும் இல்லை. நம் தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அது மூன்று முதல் ஐந்து நாளிலேயே மேலே வந்துவிடும். உதிர நேரம் இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்று குவிவதுதான் அந்தச் செதில். உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, தப்பாகப் புரிந்துகொண்டு தோலை அவசரப்படுத்துகிறது. அப்படி ஆகும் தன்மை பிறவியிலேயே இருக்கும். தொண்டைப் புண், மனக்கஷ்டம், காயம், சில மாத்திரைகள் என்று ஏதோ ஒன்று அதைத் தட்டி எழுப்பும்.

செதில் உதிர்வதைப் பார்த்தால் பாம்பு சட்டை உரிப்பது நினைவுக்கு வரும். தோஷம் என்ற பேச்சு அதனால் வந்திருக்கலாம். கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன், நானும் போட்டிருக்கிறேன். யாரோ செய்த பாவத்துக்குத் தண்டனை என்று ஒரு பெண்ணை அழவைப்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

"முழுசாக் குணமாகுமா ஆகாதா? உண்மையைச் சொல்லுங்க."

திரும்ப வரவே வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் சுத்தமாக இல்லாமல் இருக்க முடியும். எனக்கு ஒரு தடவை நாலு வருஷம் ஒரு புள்ளிகூட இல்லை. சர்க்கரையையும் பிரஷரையும் எப்படிக் கட்டுக்குள் வைக்கிறோமோ அப்படித்தான் இதுவும். "90 நாளில் வேரோடு அறுப்போம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

"வீட்டுல தினமும் என்னதான் செய்யணும்?"

தோலைக் காயவிடக் கூடாது. மூலிகை, தைலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷத்துக்குள் குளித்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நேரம் அரிப்பு அடங்கின மாதிரி சுகமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். மணமில்லாத கிளிசரின் சோப்பு அல்லது நைசாகச் சலித்த பாசிப்பயறு மாவு போதும். துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். உடம்பில் லேசான ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள், எதையாவது பூசிவிட வேண்டும்.

அந்த "எதையாவது" என்பது தேங்காய் எண்ணெயாகவும் இருக்கலாம், பெட்ரோலியம் ஜெல்லியாகவும் இருக்கலாம், மெடிக்கலில் கிடைக்கும் லிக்விட் பாரபின் கலந்த களிம்பாகவும் இருக்கலாம். விலை அதிகமாக இருந்தால்தான் வேலை செய்யும் என்று இல்லை. தடித்த திட்டுக்கும் குதிகால் வெடிப்புக்கும் யூரியா கலந்த கிரீம் நன்றாக இளக்கும். காலையில் ஒரு தடவை, படுக்கும்முன் ஒரு தடவை. வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய்க் குளியல் பழக்கம் இருந்தால் விட வேண்டாம், அரப்பும் சீயக்காயும் போட்டுப் பரபரவென்று தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய்ப் பசையும் பாரபினும் ஊறிய நைட்டி சீக்கிரம் தீப்பிடிக்கும். பூசிய கையோடு அதே நைட்டியில் அடுப்படிக்கும் விளக்குக்கும் பக்கத்தில் போகாதீர்கள்.

"எங்க வீட்டுல போர் தண்ணிதான். உப்புக் கரிக்கும். அதனாலதான் கூடுதோ?"

உப்புத் தண்ணீரால் இந்த நோய் வராது. ஆனால் தோலை வறட்டி எரிச்சலைக் கூட்டும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்க வேண்டும் என்று இன்னும் போடுவோம், அது தோலில் படிந்து நிற்கும். எங்கள் தெருவிலும் இதே கதைதான். நான் போர் தண்ணீரில் குளித்துவிட்டு, கடைசியில் நல்ல தண்ணீர் இரண்டு செம்பு ஊற்றிக்கொள்வேன். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் அதற்குக்கூடக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும், தெரியும். அப்படியானால் சோப்பைத் திட்டுகள் மேல் போடாமல் அக்குள், இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் போடுங்கள்.

"செதிலை நல்லாத் தேய்ச்சு எடுத்துட்டா மருந்து உள்ள இறங்கும்ல?"

இறங்கும் என்பது உண்மை, தேய்த்து எடுப்பதுதான் தப்பு. பீர்க்கங்கூடு, கல், நகம் எதையும் வைக்காதீர்கள். செதிலைப் பிய்த்தால் அடியில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசியும். தோலில் காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு முளைப்பது இந்த நோயின் குணம். 19-ஆம் நூற்றாண்டில் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கவனித்துச் சொன்னார், அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். காயம் பட்டு ஒன்றிரண்டு வாரத்தில் அது வரும் என்பதால் நமக்குக் காரணம் மறந்துபோயிருக்கும். சொறிவதும் சூடு படுவதும் முள் கீறுவதும் அதே கணக்குத்தான்.

செதிலை ஊறவைத்து உதிர்க்க வேண்டும். இரவு எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தாராளமாகப் பூசிப் பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் படுங்கள். காலையில் குளிக்கும்போது தானாக வருவது வரட்டும். ரொம்பத் தடிப்பாக இருந்தால் சாலிசிலிக் ஆசிட் களிம்பு டாக்டர் தருவார். அதைக் குழந்தைக்கும் உடம்பு முழுக்கவும் நாமாகப் போடக் கூடாது.

"வெட்பாலைத் தைலம் நிசமாவே கேக்குமா? எப்படிக் காய்ச்சுறது?"

என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். காய்ச்ச வேண்டாம், வெயிலே காய்ச்சிவிடும். வெட்பாலை இலையைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் நிழலில் உலர்த்தி, கையால் கிள்ளிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, இலை மூழ்கத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம் போதும். எண்ணெய் கரும் ஊதா நிறத்துக்கு மாறும். அந்த நிறம் வராவிட்டால் இலையை மறுபடி பாருங்கள். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், அதைக் கொட்டிவிட வேண்டும். இரும்பு படக் கூடாது என்று என் பாட்டி சொல்வார், நான் இன்றும் கத்தி வைப்பதில்லை.

சித்த மருத்துவத்தில் சொரியாசிஸைக் காளாஞ்சகப்படை என்பார்கள். அதற்குப் பூச இந்தத் தைலத்தைத்தான் பலகாலமாகத் தருகிறார்கள். எனக்குச் செதில் குறைந்தது, அரிப்பு நன்றாக அடங்கியது. முழங்கைத் திட்டு போக மூன்று மாதம் ஆனது, காலில் இருந்தது இதனால் மட்டும் போகவில்லை. பெரிய அளவில் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் இதற்குக் குறைவு. ஆகவே நல்ல துணை மருந்து என்று எடுத்துக்கொள்ளுங்கள், இதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

அழகர்மலை அடிவாரத்திலும் சிறுமலைப் பக்கமும் மரம் இருக்கிறது என்று யாராவது பறித்துக் கொடுத்தால் அடையாளம் பார்த்து வாங்குங்கள். வெட்பாலையின் காய்கள் ஜோடியாகத் தொங்கும், இரண்டின் நுனியும் ஒட்டியிருக்கும். பால் வடியும் செடி என்பதற்காக அரளி இலையைப் போட்டுவிடக் கூடாது, அது விஷம். தெரியாவிட்டால் தைலமாகவே மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். முதலில் முழங்கையின் உள்மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். துணியில் ஊதாக் கறை பிடிக்கும், பட்டுப் புடவை கட்டும் நாளில் வேண்டாம்.

"வேப்பிலை, மஞ்சள், கற்றாழை அரைச்சுப் போடலாமா?"

கற்றாழைச் சோறு குளிர்ச்சி தரும். சின்ன ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. மடலை வெட்டினதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் பூச வேண்டும், அது அரிக்கும். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் கடைசியாக உடம்பை அலசலாம். வேப்பிலையை மையாக அரைத்து அப்பிக் காயவிட்டால் காயும்போது தோலை இழுத்து வெடிக்க வைக்கும், உரிக்கும்போது காயம் படும். மஞ்சள் சமையலில் எப்போதும் போல இருக்கட்டும். மஞ்சள் சத்து மாத்திரையை டாக்டரிடம் சொல்லாமல் விழுங்க வேண்டாம், வேறு மருந்தோடு மோதலாம், கல்லீரலையும் சிலருக்குத் தொந்தரவு செய்யும்.

"நாட்டு மருந்துக் கடையில கார்போகரிசி தந்தாங்க. சேராங்கொட்டையும் நல்லதுன்னாங்க."

தயவுசெய்து கவனமாக இருங்கள். மதுரைக் கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்காத சரக்கு இல்லை, எல்லாச் சரக்கும் எல்லார் உடம்புக்கும் இல்லை. கார்போகரிசி என்ற விதையில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளம் வரும். அதே சோரலனை மருத்துவமனையில் அளந்து கொடுத்து, அளந்த ஒளியில் நிற்கவைத்துச் சிகிச்சையாகச் செய்வார்கள். வீட்டில் அந்த அளவுகோல் கிடையாது. கடையில் வாங்கும் நலங்கு மாவிலும் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேராங்கொட்டையின் எண்ணெய் பட்ட இடமெல்லாம் புண்ணாகும். எருக்கம்பால், பச்சைப் பூண்டு, எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அதே வகைதான். "எரிஞ்சாத்தான் கேக்குதுன்னு அர்த்தம்" என்பார்கள். எரிந்தால் காயம் என்று அர்த்தம். காயம் பட்டால் என்ன ஆகும் என்று செதில் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

"காலை வெயில் நல்லதுன்னு ஆறு மணிக்கே மாடியில நிக்கிறேன். சரிதானே?"

வெயில் பலருக்கு உதவும். அதில் உதவுவது புறஊதா பி என்ற கதிர். விடிந்தவுடன் வரும் இளவெயிலில் அது மிகக் குறைவு, உச்சி வெயிலில் ரொம்ப அதிகம். நான் ஒன்பது மணி வாக்கில் திட்டுகளில் மட்டும் படும்படி ஐந்து நிமிஷத்தில் ஆரம்பித்து, மெதுவாகக் கூட்டிப் பதினைந்து நிமிஷத்தில் நிறுத்திக்கொள்வேன், முகத்தை மூடிக்கொண்டு. தோல் கன்றினால் அதுவும் காயம்தான். அக்கினி நட்சத்திர நாட்களில் நான் நிற்பதே இல்லை. வெயில் பட்டால் கூடுகிறவர்களும் கொஞ்சம் பேர் உண்டு, அவர்களுக்கு இது வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் போன்ற, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு நில்லுங்கள்.

அளந்து கொடுக்கும் ஒளிச் சிகிச்சையும் இருக்கிறது. 311 நானோமீட்டர் அளவுள்ள குறுகிய கதிரை மட்டும் தரும் பெட்டிக்குள் வாரம் இரண்டு மூன்று தடவை சில நிமிஷம் நிற்க வேண்டும். உடம்பில் நிறையப் பரவியிருந்தால் இது உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அதற்குப் போகும் முன் சாலிசிலிக் களிம்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது, ஒளியைத் தடுத்துவிடும்.

"தலையில இருக்கிறது பொடுகா, இதுவா? எண்ணெய் வைக்கலாமா?"

பொடுகு மெல்லிசாக, எண்ணெய்ப் பசையாக உதிரும். இது அடை மாதிரி தடித்து, முடியோரத்தைத் தாண்டி நெற்றிக்கும் காதுக்குப் பின்னாலும் இறங்கும். எண்ணெய் வைக்கலாம். இரவு தேங்காய் எண்ணெயையோ வெட்பாலைத் தைலத்தையோ வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் படும்படி தடவி, காலையில் நிலக்கரித் தார் கலந்த ஷாம்பூவைப் போட்டு ஐந்து நிமிஷம் விட்டு அலசுங்கள். பேன் சீப்பால் சுரண்டாதீர்கள். முடி கொட்டினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

"அழகர்கோவில்ல மொட்டை போடுறதா வேண்டிருக்கு. போடலாமா?"

வேண்டுதலைத் தள்ளச் சொல்ல மாட்டேன், நாளைத் தள்ளிவையுங்கள். நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது சவரக்கத்தி போனால் ஒவ்வொரு கீறலும் ஒரு திட்டு ஆகலாம். அடங்கிய பிறகு போடுங்கள். முந்தின இரவே எண்ணெய் வைத்து ஊறவிடுங்கள். மெஷினால் ஒட்ட வெட்டினால் போதுமா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், சில வீடுகளில் சரி என்பார்கள். பச்சை குத்துவது, அலகு குத்துவது இரண்டும் வேண்டாம். காது குத்துவதானால் அடங்கியிருக்கும் காலத்தில்.

"கத்தரிக்காய், கருவாடு, கம்பு எல்லாம் கரப்பான் பண்டமாமே. நிறுத்தணுமா?"

பெரியவர்கள் சொல்லும் கரப்பான் பண்டம் என்ற பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். எல்லாருக்கும் ஆகாத உணவு என்று ஒன்று இந்த நோயில் கிடையாது. எனக்குக் கருவாடு சாப்பிட்டால் அரிப்பு கூடுகிறது, என் தங்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு நோட்டில் தின்றதையும் தோலின் நிலையையும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். ஒரு பொருள் மூன்று தடவையும் கூட்டினால் அதை மட்டும் விடுங்கள். கம்பு, கேழ்வரகு, மீன், முட்டை, கீரை என்று ஒவ்வொன்றாக நிறுத்திச் சத்தில்லாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சித்த மருந்து உள்ளுக்குச் சாப்பிடும்போது வைத்தியர் பத்தியம் சொன்னால் அது வேறு, அந்த நாட்களுக்கு அதைக் கடைப்பிடியுங்கள். கோதுமையை நிறுத்துவதும் அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் பயன்படும்.

உணவில் உறுதியாகப் பலன் தருவது எடை குறைப்பது. உடம்பு பெருத்தவர்களுக்கு எடை இறங்க இறங்கத் திட்டும் குறைகிறது, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. ராத்திரி பரோட்டா சால்னாவைக் குறைத்து ஒரு மணி நேரம் நடந்தால் அதுவும் வைத்தியம்தான்.

"எங்க வீட்டுக்காரரு குடிப்பாரு, பீடியும் உண்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?"

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. குடியும் புகையும் இரண்டுமே நோயைக் கூட்டும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர் குடித்தால் கல்லீரல் கெடும். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். வருஷம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

"கவலைப்பட்டாக் கூடும்கிறாங்க. கவலைப்படாம எப்படிக்கா இருக்கிறது?"

இருக்க முடியாது. "கவலையை விடு" என்று சொல்வது சுலபம். என் அப்பா இறந்த மாதம் எனக்கு முதுகு முழுக்க வந்தது. கவலை தோலைக் கிளப்பும், தோல் கவலையைக் கிளப்பும். தூக்கம்தான் இதில் நான் முதலில் சரிசெய்தது. படுக்கும்முன் குளிர்ந்த ஈரத் துணியைத் திட்டில் ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுக் களிம்பு பூசினால் அரிப்பு அடங்கித் தூக்கம் வரும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். செத்துவிடலாம் போல இருக்கிறது என்று தோன்றினால் அதையும் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அதற்கும் மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது.

"இடுப்பைச் சுத்தி மட்டும் வருது. ஏன்?"

இதற்கு நான் தையல்காரியாகவே பதில் சொல்கிறேன். பாவாடை நாடா! காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே கோட்டில் இறுக்கி உராய்கிறது, செதில் கேள்வியில் சொன்ன அதே காயம்தான். நாடாவுக்குப் பதில் மூன்று விரல் அகலத்துக்குத் துணிப்பட்டி வைத்துக் கொக்கி போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்குப் பெல்ட்டும் அரைஞாண் கயிறும், எல்லாருக்கும் உள்ளாடை எலாஸ்டிக்கும் இதே வேலையைச் செய்யும்.

ஜாக்கெட்டில் பாலியஸ்டர் லைனிங் வேண்டாம், மல்லு என்ற மெல்லிய பருத்தித் துணி லைனிங் கேளுங்கள். உள்தையலை வெட்டி மடித்துத் தைத்தால் உரசாது. சுங்குடி மாதிரி பருத்திச் சேலையை இரண்டு தடவை அலசி, கஞ்சி போடாமல் கட்டினால் உடம்புக்கு இதம். கரு நிறத்தில் செதில் விழுந்தால் பளிச்சென்று தெரியும், வெளிர் நிறத்தில் தெரியாது.

"மெடிக்கல்ல ஒரு டியூப் தந்தாங்க. மூணு நாள்ல போயிருச்சு. விட்டா வருது."

அது ஸ்டீராய்டு களிம்பாக இருக்கும். ஸ்டீராய்டு கெட்டது இல்லை, என் டாக்டரும் எனக்குக் கொடுத்திருக்கிறார். எந்த இடத்துக்கு எவ்வளவு வீரியம், எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்ற கணக்கோடு கொடுப்பார். முழங்கைக்குக் கொடுத்ததை முகத்துக்கும் இடுக்குக்கும் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும். மாதக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென நிறுத்தினால் முன்னைவிட வேகமாக வரும். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். டியூபை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"சித்த மருந்தும் இங்கிலீஷ் மருந்தும் சேர்த்துச் சாப்பிடலாமா?"

பூசுவதைச் சேர்க்கலாம், இடைவெளி விட்டு. உள்ளுக்குச் சாப்பிடுவதை இரண்டு பக்கமும் சொல்லாமல் சேர்க்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தா பிரிவில் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். பறங்கிப்பட்டை போன்ற மூலிகைச் சரக்குகளை அவர்கள் உடம்பு பார்த்துத் தருவார்கள். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த மருந்துகளும் சித்தத்தில் உண்டு, அவற்றைப் பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டும்தான் வாங்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் பெயர் எழுதாத பொட்டலத்தில் ஒரு பொடி கொடுத்தார். பத்தே நாளில் தோல் கண்ணாடி மாதிரி ஆனது, கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டு மாதத்தில் முகம் உப்பியது. பொடியை நிறுத்திய மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் சிவந்து சீழ்ப்பொட்டுகள் வந்தன. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் டாக்டர். என்ன மருந்து என்று எழுதித் தராதவரிடம் எதையும் வாங்கி வாயில் போடாதீர்கள்.

"வாரம் ஒரு நாள் மட்டும் மாத்திரை தந்திருக்காங்க. தினமும் போட்டா சீக்கிரம் போகுமா?"

கூடவே கூடாது! அது மெத்தோட்ரெக்சேட். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, உயிருக்கே ஆபத்து வரும். கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். கூடக் கொடுக்கும் போலிக் ஆசிட் வேறு மாத்திரை, இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

"காலையில விரல் மடங்க மாட்டேங்குது. வயசாயிருச்சு, அதானே?"

இருக்காது. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மூட்டும் பாதிக்கப்படலாம். எழுந்தவுடன் அரைமணிக்கு மேல் விறைப்பு, ஒரு விரல் முழுக்க வீங்குவது, குதிகால் வலி, நகக் குழி இவை இருந்தால் உடனே சொல்லுங்கள். தைலம் தேய்த்துத் தள்ளிப்போட்டால் மூட்டு நிரந்தரமாக வளைந்துவிடலாம், அப்புறம் நேராக்க முடியாது.

"பிரஷர் மாத்திரை ஆரம்பிச்ச பிறகு கூடின மாதிரி இருக்கு."

இருக்கலாம். புரோப்ரனலால் வகை மாத்திரைகள், மனநலத்துக்குத் தரும் லித்தியம், குளோரோகுயின் வகை மருந்துகள் சிலருக்கு இதைக் கிளப்பும். நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டையை எடுத்துப் போய்க் காட்டினால் மாற்று தருவார்கள்.

"எப்போ வீட்டு வைத்தியத்தை விட்டுட்டு ஓடணும்?"

உடம்பு முழுக்கச் சிவந்து சூடாகிக் குளிர் நடுக்கம் வந்தால், காய்ச்சலோடு சீழ்ப்பொட்டு பரவினால், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த நாள் வரை பார்க்க வேண்டாம்.

"பொண்ணு பார்க்க வர்றாங்க. சொல்லணுமா? பிறக்கிற பிள்ளைக்கு வருமாக்கா?"

சொல்லிவிடச் சொல்வேன். மறைத்துக் கட்டிய பிறகு ஒவ்வொரு நாளும் கதவைத் தாழிட்டுக் களிம்பு பூச வேண்டியிருக்கும். ஒட்டாது என்பதை டாக்டர் வாயால் மாப்பிள்ளை கேட்கட்டும், கூட்டிக்கொண்டு போங்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் வந்து கேட்டார். இருபது வருஷமாக என் முதுகுக்கு அவர்தான் தைலம் தடவுகிறார்.

பிள்ளைக்கு வந்தே தீரும் என்று இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பத்தில் ஒரு பிள்ளைக்கு வரலாம் என்பது பொதுவான கணக்கு. இருவருக்கும் இருந்தால் வாய்ப்பு கூடும். பிள்ளை பெற நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது, சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டின் என்ற மருந்தை நிறுத்திய பிறகும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். கர்ப்பத்தில் பலருக்குத் தோல் நன்றாகிவிடும், பிரசவத்துக்குப் பிறகு திரும்ப வரும், அதற்கு மனதைத் தயாராக வைத்திருங்கள். பிள்ளைக்குத் தொண்டை வலி வந்த இரண்டு மூன்று வாரத்தில் உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பொட்டாகச் சிவந்தால் அதை வேர்க்குரு என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். அந்த வகை பெரும்பாலும் சில மாதத்தில் அடங்கிவிடும்.